பாலம் உடைந்தது, பதவியைத் துறந்தார்!

குழித்துறையில் தாமிரபரணி ஆற்றின் மேல் ஒரு ரெயில் பாலம் இருக்கிறது. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ஓடும் ரெயில்கள் எல்லாம் அதைக் கடந்துதான் போகின்றன.

மலையில் மழை கொட்டினால் இந்த ஆறு செம்மண் நிறமாகிச் சீறிப் பாயும். மேலே ரெயில் ஓடும். பெட்டிக்குள் குழந்தைகள் தூங்கிக் கொண்டிருக்கும். கீழே ஆறு என்ன செய்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பாலம் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் தூங்குகிறார்கள்.

அந்த நம்பிக்கை உடைந்தால் யார் பதில் சொல்வது?

பாலத்தைக் காக்கும் காவல்காரனா? என்ஜினை ஓட்டும் டிரைவரா? பாதையைப் பார்த்துக் கொள்ளும் என்ஜினீயரா?

நானே பதில் சொல்வேன் என்று முன்வந்தார் ஒரு மந்திரி. பாலத்தைக் கட்டியவர் அவர் அல்ல. அந்தப் பாலத்தை அவர் பார்த்திருந்தாரா என்பதுகூடச் சந்தேகம். ஆனாலும் பதவியைத் துறந்து வெளியே வந்தார்.

அவர்தான் லால் பகதூர் சாஸ்திரி.

அரியலூர் வெள்ளம்

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின.

அப்போது நாஞ்சில் நாட்டில் ரெயில் கிடையாது. சென்னைக்குப் போக வேண்டுமானால், ஆரல்வாய்மொழி வழியாக பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய், அங்கிருந்து ரெயில் பிடிக்க வேண்டும். புதிய தலைநகரம் வெகு தூரத்தில் இருந்தது.

மாவட்டம் பிறந்து மூன்று வாரமே ஆகியிருந்தது. வடகிழக்குப் பருவமழை வலுத்தது. நவம்பர் 22-ந் தேதி இரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. பெட்டிகள் நிறையப் பிரயாணிகள்.

விழுப்புரம் கடந்தது. விருத்தாசலம் கடந்தது. 23-ந் தேதி விடியும் நேரத்தில் அரியலூரைத் தாண்டியது.

அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாறு. கோடையில் மணலாகக் கிடக்கும் ஆறு அது. அன்று கரை புரண்டு ஓடியது. வெள்ளம் பாலத்தை அரித்துப் பலவீனமாக்கியிருந்தது. இருட்டில் டிரைவருக்கு அது எப்படித் தெரியும்?

ரெயில் பாலத்தில் ஏறியது. மறுகணம் என்ஜினும் முன்பக்கப் பெட்டிகளும் தடம் புரண்டு வெள்ளத்தில் விழுந்தன.

தூக்கத்திலேயே பலர் ஆற்றோடு போய்விட்டார்கள். 140-க்கும் அதிகமானோர் உயிர் இழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயம் அடைந்தனர். ஊருக்குப் போய்ச் சேருவோம் என்று படுத்தவர்கள் போய்ச் சேரவே இல்லை.

நாடே பதறியது. சில மாதங்களுக்கு முன்புதான், அதே 1956-ம் ஆண்டில், ஐதராபாத் பக்கத்தில் உள்ள மகபூப்நகர் அருகே இதே போல மழையில் ஒரு பாலம் இடிந்து ரெயில் விழுந்திருந்தது. அங்கேயும் நூறு பேருக்கு மேல் பலி.

இரண்டு பாலங்கள். இரண்டு வெள்ளங்கள். இரு நூறுக்கும் அதிகமான உயிர்கள்.

அப்போது ரெயில்வே மந்திரியாக இருந்தவர் சாஸ்திரி. குள்ளமான உருவம். கதர் வேட்டி, கதர்க் குல்லாய். அதிர்ந்து பேசாதவர். அவர் எங்கிருந்து வந்தார்?

ரெயில் ஊரில் பிறந்த பிள்ளை

உத்தரப் பிரதேசத்தில் காசிக்குப் பக்கத்தில் மொகல்சராய் என்று ஓர் ஊர். இந்தியாவின் மிகப் பெரிய ரெயில் சந்திப்புகளில் ஒன்று. (2018-ல் அந்த ஸ்டேஷனின் பெயர் மாற்றப்பட்டது.) அங்கே தாய்வழிப் பாட்டனார் வீட்டில் 1904-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி லால் பகதூர் பிறந்தார். காந்தியடிகள் பிறந்த அதே நாள்!

தந்தை சாரதா பிரசாத் பள்ளி ஆசிரியர். பின்னர் அலகாபாத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பிள்ளைக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது பிளேக் நோய் வந்து இறந்து போனார்.

தாய் ராம்துலாரி கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். பாட்டனார் மொகல்சராயில் ரெயில்வே பள்ளிக்கூட ஆசிரியர். இரவும் பகலும் என்ஜின் ஊதும் ஓசையிலேயே சிறுவன் வளர்ந்தான்.

மேல் படிப்புக்குக் காசி. மொகல்சராய்க்கும் காசிக்கும் நடுவே கங்கை ஓடுகிறது. அதன் மேல் 1887-ல் திறக்கப்பட்ட பெரிய இரும்புப் பாலம் ரெயிலைச் சுமந்து நின்றது.

ஓடக்காரனுக்குக் கொடுக்கக் காசு இல்லாதபோது, லால் பகதூர் புத்தகங்களைத் தலையில் கட்டிக் கொண்டு கங்கையை நீந்திக் கடந்தான் என்று வடநாட்டில் ஒரு கதை சொல்வார்கள். கதையோ, நிஜமோ, வறுமை மட்டும் நிஜம்.

பட்டமே பெயர் ஆனது

1921-ல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்துக்கு அழைத்தார். லால் பகதூருக்கு அப்போது பதினாறு வயது. பள்ளியை விட்டு வெளியே வந்தார். போலீசார் பிடித்தார்கள், சிறுவன் என்று விட்டு விட்டார்கள்.

பிறகு காசி வித்யாபீடத்தில் சேர்ந்தார். அது தேசியத் தலைவர்கள் நடத்திய கல்லூரி. 1925-ல் தேறினார். அங்கே கொடுத்த பட்டத்தின் பெயர் சாஸ்திரி. சாதியைக் காட்டும் பெயரை அவர் ஏற்கெனவே விட்டிருந்தார். படித்து வாங்கிய பட்டமே அவருக்குப் பெயராக நிலைத்தது.

1928-ல் லலிதா தேவியை மணந்தார். சீதனமாக அவர் ஏற்றுக் கொண்டவை ஓர் இராட்டையும் சில கஜம் கதர்த் துணியும்தான்.

சுதந்திரப் போராட்டத்தில் அவர் சிறையில் கழித்த காலத்தைக் கூட்டினால் ஏழு ஆண்டுகளுக்குக் குறையாது.

ஒரு முறை அவர் சிறையில் இருக்கும்போது மகளுக்குக் கடும் நோய். அவரைப் பதினைந்து நாள் பரோலில் அனுப்பினார்கள். வீடு போய்ச் சேரும் முன்னே குழந்தை இறந்து விட்டது. ஈமக் கடன் முடிந்தது. நாட்கள் மீதி இருந்தன. வந்த காரியம் முடிந்து விட்டதே என்று அவர் தாமாகவே சிறைக்குத் திரும்பினார்.

தமக்குக் கொடுக்கப்பட்ட சலுகைக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர்.

ரெயில்வே மந்திரி

சுதந்திரத்துக்குப் பிறகு உத்தரப் பிரதேசத்தில் போலீஸ், போக்குவரத்து இலாகாக்களுக்கு மந்திரி ஆனார். 1952 மே மாதம் நேரு அவரை மத்திய மந்திரி சபையில் சேர்த்து, ரெயில்வே, போக்குவரத்து இலாகாக்களை ஒப்படைத்தார். ரெயில்வே பள்ளிக்கூட ஆசிரியரின் பேரன் நாட்டின் ரெயில்வேக்கே தலைவர் ஆனார்!

அப்போது ரெயில்வேயின் நிலை என்ன? உலக யுத்தத்தில் ஓடி ஓடித் தேய்ந்த என்ஜின்கள். பிரிவினையில் துண்டான பாதைகள். வெள்ளைக்காரர் காலத்துப் பாலங்கள். பல பெட்டிகளின் உடல் மரத்தால் ஆனது. ரெயில்கள் மோதினால் ஒரு பெட்டி மற்றொரு பெட்டிக்குள் சொருகிக் கொண்டு போகும். உள்ளே இருப்பவர்கள் நசுங்கிப் போவார்கள்.

இதற்கு மாற்று சென்னையில் பிறந்தது. பெரம்பூரில் ரெயில் பெட்டித் தொழிற்சாலை எழுந்தது. சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் உதவியோடு, முழுவதும் உருக்கினால் ஆன பெட்டிகளை அங்கே செய்யத் தொடங்கினார்கள். இந்தப் பெட்டிகள் மோதினாலும் எளிதில் ஒன்றுக்குள் ஒன்று சொருகாது. 1955 அக்டோபர் 2-ந் தேதி நேரு அந்தத் தொழிற்சாலையைத் தொடங்கி வைத்தார். அன்று சாஸ்திரிக்கு 51-வது பிறந்த நாள்.

பீகாரில் மொக்காமா என்ற இடத்தில் கங்கைக்குக் குறுக்கே புதிய பாலம் கட்டும் வேலையும் அவர் காலத்தில்தான் ஆரம்பமாயிற்று. எந்த இடத்தில் கட்டலாம் என்று ஆராய, தொண்ணூறு வயதைத் தாண்டிய விசுவேசுவரய்யாவின் யோசனையைக் கேட்டார்கள். பாலம் 1959-ல் திறக்கப்பட்டது.

1952-ல், அவர் மந்திரியான அதே ஆண்டில், லட்சுமணபுரியில் ரெயில்வேக்கென ஒரு சோதனை, ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பாதை எவ்வளவு பாரம் தாங்கும்? பாலம் எவ்வளவு அதிரும்? எந்த வேகத்தில் போனால் ஆபத்து? இவற்றை ஊகமாகச் சொல்லாமல் அளந்து சொல்வதே அதன் வேலை.

ஆனால் நாட்டில் பாலங்களோ பல ஆயிரம். ஆராய்ச்சி மெதுவாக நடந்தது. மழை காத்திருக்கவில்லை.

பாலம் ஏன் விழுகிறது?

பாலம் இரும்பாலும் கல்லாலும் ஆனது. தண்ணீர் அதை எப்படிச் சாய்க்கிறது?

கன்னியாகுமரிக் கடற்கரையில் கால் நனைய நின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அலை வந்து திரும்பும். குதிகாலுக்குக் கீழே இருக்கும் மணலைச் சுரண்டிக் கொண்டு போகும். நிற்கும் ஆள் தள்ளாடுவார். அவரை யாரும் தள்ளவில்லை. அடியில் இருந்த மண்தான் போய்விட்டது.

பாலத்தின் தூணுக்கும் இதுவே நேர்கிறது. வெள்ளம் தூணில் மோதிச் சுழல்கிறது. சுழல் தூணின் அடி மண்ணைக் குடைகிறது. மேலே பார்த்தால் தண்டவாளம் நேராக இருக்கும். கீழே அஸ்திவாரம் அந்தரத்தில் நிற்கும். ரெயிலின் பாரம் ஏறியதும் எல்லாம் சரிந்து விடும்.

இன்னொரு வழியும் உண்டு. நாஞ்சில் நாட்டு விவசாயிக்குக் குளத்தைத் தெரியும். குளத்துக்குக் கரை உண்டு. மிஞ்சின தண்ணீர் போக மறுகால் உண்டு. மறுகால் சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? தண்ணீர் கரையின் மேல் ஏறும். கரை உடையும்.

ரெயில் பாதையின் மண் கரையும் வெள்ள நாளில் ஒரு குளத்தங்கரைதான். பாலம்தான் அதற்கு மறுகால். பாலத்தின் கண் போதாவிட்டால் ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி உயரும். கரையை அரிக்கும். கடைசியில் தண்டவாளம் மட்டும் ஏணி போலத் தொங்கும்.

எனவே பாலம் கட்டுகிறவருக்கு இரண்டு கணக்குகள் முக்கியம். இந்த ஆற்றில் அதிகபட்சம் எவ்வளவு தண்ணீர் வரும்? அந்தத் தண்ணீர் மண்ணை எவ்வளவு ஆழம் குடையும்? கணக்குத் தப்பினால் உயிர்கள் போகும்.

விட்டுப் போன மந்திரி

மகபூப்நகர் விபத்து நடந்ததுமே சாஸ்திரி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு அதை ஏற்கவில்லை. சாஸ்திரி வேலையைத் தொடர்ந்தார்.

அடுத்து அரியலூர். இந்தத் தடவை அவர் மீண்டும் ராஜினாமா செய்தார். ஏற்றுக் கொள்ளும்படி வற்புறுத்தினார்.

ஏற்கக் கூடாது என்று பாராளுமன்ற அங்கத்தினர் பலர் நேருவிடம் கேட்டுக் கொண்டார்கள். மருதையாற்றில் வெள்ளம் வந்தால் டில்லியில் இருக்கும் மந்திரி என்ன செய்வார் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயமும் இருந்தது.

நேரு பாராளுமன்றத்தில் பேசினார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் அல்ல என்றார். அவருடைய குணத்தைப் புகழ்ந்தார். இருந்தாலும், அரசாங்க முறைக்கு இது ஒரு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று சொல்லி ராஜினாமாவை ஏற்றுக் கொண்டார்.

1956 டிசம்பர் தொடக்கத்தில் சாஸ்திரி மந்திரி பதவியை விட்டு இறங்கினார். ஜகஜீவன்ராம் புதிய ரெயில்வே மந்திரி ஆனார்.

ராஜினாமாவால் செத்தவர்கள் திரும்பி வரவில்லை. உடைந்த பாலம் ஒட்டிக் கொள்ளவில்லை. சென்னை ராஜ்யத்தில் எதிர்க்கட்சிகள் 1957 தேர்தலில் அரியலூரை மறக்கவும் இல்லை. மக்களை மறக்க விடவும் இல்லை.

அப்படியானால் அந்த ராஜினாமாவால் என்ன பயன்?

அதுவரை, விபத்து நடந்தால் பழி கீழே இறங்கும். என்ஜினீயரிடமிருந்து மேஸ்திரிக்கு; மேஸ்திரியிடமிருந்து கேங்மேனுக்கு. கடைசியில், மழையில் நனைந்து கொண்டு நிற்கும் ஓர் ஏழைத் தொழிலாளியின் தலையில் எல்லாம் விழும். சாஸ்திரி அந்தப் பழியை மேலே ஏற்றினார். பாலத்துக்குப் பணம் ஒதுக்குகிறவரும் அந்தப் பாலத்துக்குப் பொறுப்பாளி என்று காட்டினார்.

அளவுகோல் வந்தது

1957-ல் லட்சுமணபுரி ஆராய்ச்சி நிலையத்தை மற்றொரு ரெயில்வே அமைப்போடு இணைத்து, ரெயில்வே ஆராய்ச்சி, வடிவமைப்பு, தர நிர்ணய நிறுவனம் உண்டாக்கப்பட்டது. பாலத்தின் இரும்பில் நுட்பமான கருவிகளை ஒட்டுவார்கள். ரெயிலை மெதுவாக ஓட்டுவார்கள். பிறகு வேகமாக ஓட்டுவார்கள். இரும்பு எத்தனை நூல் வளைகிறது என்று அளப்பார்கள். அதைக் கொண்டு எந்தப் பாலத்துக்கு எந்த வேகம் என்று நிர்ணயம் செய்வார்கள்.

தண்டவாளத்துக்குள் இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் வழி வந்தது. வயிற்றில் இருக்கும் குழந்தையை டாக்டர்கள் ஸ்கேன் கருவியால் பார்க்கிறார்கள் அல்லவா? அதே போல, காதுக்குக் கேட்காத ஒலியைத் தண்டவாளத்துக்குள் அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு விரிசலைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பாலத்தின் தூணில் அபாய மட்டத்தைக் குறித்து வைக்கிறார்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் ரெயில் ஓடக் கூடாது. மழைக் காலத்தில் இரவெல்லாம் காவல்காரர்கள் கைவிளக்கோடு பாதையில் நடக்கிறார்கள். அவர்களிடம் எச்சரிக்கை வெடிகளும் உண்டு. ஆபத்து என்றால் அவற்றைத் தண்டவாளத்தில் வைப்பார்கள். என்ஜின் சக்கரம் ஏறியதும் வெடிக்கும், டிரைவர் நிறுத்துவார்.

விபத்தை விசாரிக்கிறவர் ரெயில்வேக்குக் கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது என்ற ஏற்பாடு 1941-லேயே உண்டு. அந்த அமைப்பு 1961 முதல் ரெயில்வே பாதுகாப்புக் கமிஷன் என்ற பெயரில் இயங்குகிறது.

இத்தனையும் ஒரு ராஜினாமாவால் வந்ததல்ல. பல என்ஜினீயர்கள், பல தொழிலாளிகள் பாடுபட்டதால் வந்தது. ஆனால் இவற்றில் எதுவும் வீண் செலவு அல்ல என்பதற்கு அரியலூர் சாட்சி.

பிரதம மந்திரியும் பாம்பன் பாலமும்

பதவியை விட்டவரை மக்கள் விடவில்லை. 1957 தேர்தலில் சாஸ்திரி வென்றார். மீண்டும் மந்திரி ஆனார். 1961-ல் உள்துறை மந்திரி. 1963-ல் காமராஜ் திட்டத்தின்படி மறுபடியும் பதவியைத் துறந்தார்.

1964 மே மாதம் நேரு காலமானார். காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் எல்லோரையும் கலந்து பேசி, சாஸ்திரியைப் பிரதம மந்திரி ஆக்கினார். அரியலூர் விபத்து நடந்தபோது சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தவரும் காமராஜரே. பின்னாளில், 1969-ல், நாகர்கோவில் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

சாஸ்திரி பிரதமராகி ஆறு மாதம் கடந்த பின், தமிழ்நாட்டில் மீண்டும் ஒரு ரெயில் பாலத்துக்குச் சோதனை வந்தது. 1964 டிசம்பர் 22-ந் தேதி நள்ளிரவு. தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த ரெயிலை அலை விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் தப்பவில்லை.

1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் 126 இரும்பு கர்டர்களைக் கடல் கொண்டு போயிற்று. பாலத்தைப் பழுது பார்க்கும் வேலை இ.ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயரிடம் கொடுக்கப்பட்டது. கடலில் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்தார்கள். அவற்றையே மீண்டும் தூக்கி வைத்தார்கள். 46 நாட்களில் பாலம் தயாராகி விட்டது!

அந்தப் பாலத்தில் பிற்காலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வைத்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தால் ரெயிலுக்கு அனுமதி கிடையாது. அந்தப் பழைய பாலம் 2022-ல் ஓய்வு பெற்றது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதிய பாலம் திறக்கப்பட்டது.

கடனோடு போன பிரதமர்

சாஸ்திரி பிரதமராக இருந்தது ஒன்றரை ஆண்டுக்குச் சற்று அதிகம். அந்தக் காலம் சுலபமானது அல்ல. உணவுப் பஞ்சம். 1965 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டம். பல உயிர்கள் போயின. அதே ஆண்டில் பாகிஸ்தானுடன் யுத்தம்.

யுத்தம் நின்ற பிறகு, சமாதானம் பேச சோவியத் நாட்டில் இருந்த தாஷ்கண்ட் நகரத்துக்குப் போனார். 1966 ஜனவரி 10-ந் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று நள்ளிரவு தாண்டி, 11-ந் தேதி, மாரடைப்பால் காலமானார். வயது 61.

அவர் விட்டுப் போன சொத்து என்ன? பெரிய பங்களா இல்லை. பாங்கியில் கடன் வாங்கி வாங்கிய ஒரு பியட் கார் இருந்தது. 5,000 ரூபாய்க் கடன். அதுவும் தீரவில்லை. மீதியைப் பிறகு லலிதா தேவி அடைத்தார்.

நாஞ்சில் நாட்டுக்கு ரெயில் வந்தது

சாஸ்திரி காலமாகிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1979 ஏப்ரலில், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரெயில் ஓடத் தொடங்கியது. 1981-ல் நாகர்கோவில்-திருநெல்வேலி பாதையும் திறந்தது. பாலங்களைக் கடந்து போவது நாஞ்சில் நாட்டு மக்களின் அன்றாட வாழ்க்கை ஆயிற்று.

துக்கமும் ரெயிலோடு வந்தது. 1988 ஜூலை 8-ந் தேதி, பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்கு வந்து கொண்டிருந்த ஐலண்டு எக்ஸ்பிரஸ், கொல்லத்துக்கு அருகே பெருமண் பாலத்தில் தடம் புரண்டு அஷ்டமுடி ஏரியில் விழுந்தது. 105 பேர் மாண்டனர். சுழல் காற்றுதான் காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. பலர் அதை இன்று வரை நம்பவில்லை. காற்றைக் கூண்டில் ஏற்றி விட்டால் மனிதர்கள் தப்பித்துக் கொள்ளலாமே என்று அவர்கள் கேட்கிறார்கள்.

2021 நவம்பர் மழையில் நாகர்கோவில்-திருவனந்தபுரம் பாதையில் மண் சரிந்தது. ரெயில்கள் நிறுத்தப்பட்டன. பிரயாணிகளுக்கு மிகுந்த சிரமம். ஆனால் ரெயில் நின்றால் சிரமம், நிற்காவிட்டால்தான் ஆபத்து.

நின்ற ரெயில்

இதற்கு இன்னும் பெரிய சாட்சி ஒன்று உண்டு. அது நடந்தது தூத்துக்குடி மாவட்டத்தில்.

2023 டிசம்பர் 17-ந் தேதி இரவு. தென் மாவட்டங்களில் வானம் பிளந்தது போல மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனுக்கு வந்தது. அதில் சுமார் 800 பிரயாணிகள்.

ஸ்டேஷனுக்கு அப்பால் வெள்ளம் பாதையை அரித்துக் கொண்டிருந்தது. ஜல்லியும் மண்ணும் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அரியலூரில் இருந்த அதே இருட்டு. அதே மழை.

ஆனால் இந்தத் தடவை ரெயில் மேலே போகவில்லை. ஸ்டேஷனிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

சுற்றிலும் தண்ணீர். பிரயாணிகள் பசியிலும் பயத்திலும் தவித்தார்கள். ஒரு பகுதியினர் இரவே பஸ்ஸில் போய்விட்டார்கள். மற்றவர்கள் மீட்கப்பட இரண்டு நாள் ஆயிற்று. எப்போது போவோம் என்று அதிகாரிகளிடம் சண்டை போட்டவர்களும் இருப்பார்கள். ஆனால் ரெயிலில் வந்தவர்கள் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அன்று இரவு அந்த ரெயிலை நிறுத்தியவர்கள் பெரிய மந்திரிகள் அல்ல. ஸ்டேஷனில் வேலை பார்க்கும் சாதாரண ஊழியர்கள். இது என் பொறுப்பு என்று அவர்கள் நினைத்தார்கள். அவ்வளவுதான்.

அரியலூருக்குப் பின் டில்லியில் ஒரு மந்திரி நினைத்ததும் அதுதான்.

பாலத்தைத் தாங்குவது இரும்பும் கல்லும் மட்டும் அல்ல. அளந்து பார்க்கும் ஆராய்ச்சிக்காரர் தாங்குகிறார். மழையில் நடக்கும் காவல்காரர் தாங்குகிறார். பணம் ஒதுக்கும் மந்திரியும் தாங்க வேண்டும். இவர்களில் ஒருவர் கையை விட்டாலும் பாலத்தின் அடி மண் போய்விடும்.

இன்று இரவும் மழை பெய்யலாம். குழித்துறைப் பாலத்தின் மேல் ரெயில் போகும். பெட்டிக்குள் குழந்தைகள் தூங்குவார்கள். அந்தத் தூக்கத்துக்கு ஒருவர் பொறுப்பாளி என்று நாட்டுக்குச் சொல்லி விட்டுப் போனவர், கங்கைக் கரையில் பிறந்த அந்தக் குள்ளமான மனிதர்.